எந்த மலை?

சந்திரனுக்குப் போக எனக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் இல்லை. "உனக்கு என்ன பிடிக்கும்?"

சிரிக்காதீர்கள். உங்களை யாராவது வழியில் நிறுத்தி இதைக் கேட்டால் நீங்களும் திருதிருவென்று முழிப்பீர்கள். பிரியாணி, சினிமா என்று எதையாவது உளறுவீர்கள். அதைப் பற்றி அரைமணி நேரம் பேசு, அதுவும் கொரிய மொழியில் பேசு என்றால் வீட்டுக்கே ஓடிவிடுவீர்கள். நான் ஓடவில்லை. அந்தப் பெருமையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஜான்சிராணி. எர்ணாவூர்க்காரி. எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்கிற பெரிய கிரேன். அந்தச் சமயத்தில் கொரியாக்காரர்கள் சந்திரனின் தென்முனையில் தல்மாரு என்று ஒரு நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு கிரேன் நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. அந்தக் கிரேனின் படத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இங்கே நான் தூக்குவதைப் போல ஆறு மடங்கை அங்கே ஒரே இழுப்பில் தூக்கலாம். பூமியில் உட்கார்ந்துகொண்டு அதை ஓட்டவும் முடியாது. கட்டளை போய்ப் படம் திரும்பி வருவதற்குள் மூன்று நொடி ஓடிவிடும், அதற்குள் பெட்டி சுவரில் இடித்துவிடும். கூண்டுக்குள் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கிரேன் தேர்வில் முதலிடம் வந்தேன். உடம்புத் தேர்விலும் தேறினேன். நாற்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள், எனக்கு அந்த வருஷத்தோடு நாற்பது. இதை விட்டால் வேறு வாய்ப்பே கிடையாது. மிச்சமிருந்தது கொரிய மொழியில் பேசிக் காட்டுகிற வெறுநாக்குத் தேர்வு ஒன்றுதான்.

அதற்காகத் திருவொற்றியூரில் ஒரு பேக்கரி மாடியில் சதானந்தம் மாஸ்டரிடம் சேர்ந்தேன். மாஸ்டர் இளம் வயதில் கொரியாவில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். பேச்சை மொழிபெயர்க்கிற கழுத்து நாடா வந்தபிறகு மொழி படிக்க யாரும் வரவில்லை. பாவம், கீழே பேக்கரியில் கேக் விற்றுக்கொண்டிருந்தார். இந்தத் தேர்வு வந்ததும் கரும்பலகையைத் தூசி தட்டி மாடிக்குக் கொண்டுபோனார். எங்கள் துறைமுகத்திலிருந்து என்னோடு டெல்லிபாபுவும் சேர்ந்தான். அவன் வெல்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் பெரியது.

முதல் நாளே அவன் ஆரம்பித்துவிட்டான். "சார், கழுத்துல நாடா கீது. நான் தமிழ்ல மொணமொணன்னா அது என் கொரல்லயே கொரியன் பேசிடுது. அப்பால எதுக்கு சார் இந்தப் பேஜாரு?"

"நாடா நீ சொல்றதைத்தான் பேசுதா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அத்தவிட ஸோக்கா பேசுது சார். வூட்ல என் பொண்டாட்டிகிட்டகூட நாடா போட்டுகினுதான் பேசறேன். நான் 'மூடிகினு சோத்தப் போடு'ன்னா, அது 'பசிக்குதும்மா கண்ணு'ன்னு மாத்திச் சொல்லுது. வூட்ல சண்டையே இல்ல சார்."

வகுப்பே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

"போன முறை தல்மாருவுக்குப் போன டீமுக்கு என்ன ஆச்சு, தெரியுமா?"

"சூரியப் புயல் அட்ச்சி மிஷினு படுத்துகிச்சாம்."

"மெஷின் படுத்திருந்தா பரவாயில்லையே. நாடாவோட மூளை இங்க பூமியில இருக்குப்பா. புயல்ல லைன் போச்சு, நாடா ஊமையாயிடுச்சு. நாலு பேரு, நாலு நாடு. வேலைக்கு வேண்டிய வார்த்தையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். வால்வைத் திற, மூடு, காத்து எவ்வளவு இருக்கு, அதுக்கெல்லாம் குறைச்சலே இல்ல. ஆனா சாப்பிட உட்கார்ந்தா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பல மாசம் ஒண்ணாச் சிரிச்சுப் பேசினவங்கதான். பேசினது நாடா, நாம இல்லைன்னு அப்பத்தான் அவங்களுக்கே தெரிஞ்சுது. வாரக்கணக்கா அப்படியே போச்சு. கடைசியில ஒருத்தர் விண்வெளி உடுப்பு போடாம கதவைத் திறந்துக்கிட்டு வெளிய நடந்துட்டார்."

டெல்லிபாபு தன் கழுத்து நாடாவைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அதனாலதான் இந்தத் தேர்வு. அரைமணி நேரம், நாடா கிடையாது, வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. உனக்கு என்ன பிடிக்கும், அதை மட்டும் பேசணும். பிடிச்சதைப் பத்திப் பேசத் தெரிஞ்சவன் பக்கத்துல இருந்தா மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க."

நல்ல தேர்வுதான். ஆனால் நம் ஊர்க்காரர்களிடம் எந்தத் தேர்வைக் கொடுத்தாலும் நாம் அதை என்ன செய்வோம்? மனப்பாடம் செய்வோம். மாஸ்டரும் நம் ஊர்க்காரர்தானே. அடுத்த வகுப்பிலேயே கரும்பலகையில் பதிலை எழுதிப் போட்டுவிட்டார். கொரியாக்காரர்களுக்கு மலை என்றால் உயிர், லீவு நாளில் குடும்பத்தோடு மலையேறப் போய்விடுவார்கள், அதனால் "எனக்கு மலையேறுவது பிடிக்கும்" என்று சொன்னால் கேட்பவர் மனம் குளிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். மலையேறுவதற்குக் கொரிய மொழியில் 'துங்சான்'. மொத்த வகுப்பும் துங்சான் துங்சான் என்று கத்தியதில் கீழே பேக்கரியில் பன் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

என் வாயில் அது நுழையவில்லை. நான் கடலோரத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் மேம்பாலம்தான். பொய் சொல்ல எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது, வேண்டிய அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அரைமணி நேரம் நீட்டி முழக்கும்படி ஒரு பொய் சொல்ல உள்ளே ஏதாவது சரக்கு வேண்டுமே. போதாததற்குக் கொரிய மொழியிலும் அம்மா அம்மாதான், அப்பா அப்பாதான் என்று பார்க்கிற ஆளெல்லாம் எனக்குத் தைரியம் சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு டீ கூட வாங்க முடியாது.

வீட்டுக்குப் போய் என் புருஷனைக் கேட்டேன். அவர் பெயர் ஏசுபாதம், குழாய் வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் நாடா மாட்டிக்கொண்டு பேசுகிற வழக்கம் இல்லை. சண்டைக்குச் சண்டை, சோற்றுக்குச் சோறு.

"யோவ், எனக்கு இன்னாய்யா புடிக்கும்?"

"உனுக்கா? என்னைத்தான் புடிக்கும்."

"வெளாடாத. கொரியாக்காரன் கேப்பான். இன்னா சொல்றது?"

அவர் குழாய் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். "பாட்டு கேக்கறியா, இல்ல. கோலம் போடறியா, அதுவும் கெடையாது. டிவி போட்டா தூங்கிடற. பதினஞ்சு வருஷமா கூட குடித்தனம் பண்றேன், எனக்கே தெரியலியே மே."

நான் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை வருஷம் வேலைக்குப் போனேன், சமைத்தேன், துணி துவைத்தேன், தூங்கினேன். எனக்கென்று ஆசையாக ஒன்றுமே இல்லையா? சந்திரனுக்குப் போவது இருக்கட்டும், எனக்குள்ளே ஆள் யாராவது இருக்கிறாளா இல்லையா என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

அடுத்த வாரம் அதற்குப் பதில் எர்ணாவூர் மேம்பாலத்தில் கிடைத்தது. வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ மீன்காரம்மாவின் கூடையை இடித்து, சங்கரா மீன் எல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டது. அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள் பாருங்கள், ஆட்டோக்காரனின் ஏழு தலைமுறையும் பாலத்துக்கு வந்துவிட்டது. அவனும் விடவில்லை. பின்னால் பஸ், லாரி எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன, மாட்டு வண்டி ஒன்றுதான் பாக்கி. கூட்டம் கூடியதும் அந்த அம்மா என்ன செய்தாள் தெரியுமா? திட்டிக்கொண்டே மீனைப் பொறுக்கித் தண்ணீரில் அலசி, வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமே விற்க ஆரம்பித்தாள். திட்டு ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். கடைசியில் ஆட்டோக்காரனே அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போனான்.

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். முதுகில் யாரோ தட்டினார்கள். ஏசுபாதம், வேலைக்குப் போகிற வழியில் நின்றிருந்தார்.

"கிளாசு போவல?"

"அய்யோ, மறந்தே பூட்டேன்யா! அந்தம்மா இன்னா பேச்சு பேசிச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்து முழுக்கதையையும் அவருக்கு நடித்துக் காட்டினேன். முடிக்கும்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தான் மே," என்றார். "இத்தான் உனுக்குப் புடிச்சது. வேடிக்கை பாக்கறது! ஜேசிபி பள்ளம் தோண்டுனா நிப்ப. கல்யாண வூட்ல சம்பந்திங்க மொறைச்சிகினா மொத வரிசைல நிப்ப. மின்சாரக் கம்பத்துல எவனாவது ஏறுனாக்கூட கீழ நின்னு அண்ணாந்து பாத்துனு இருப்ப. உன்ன இட்டுகினு கடைக்குப் போறதுக்குள்ள எனக்கு உசுரு பூடும்."

நடுரோட்டில் நின்றுகொண்டு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருக்கிறதய்யா! எனக்கும் ஒன்று இருக்கிறது!

வகுப்புக்கு ஓடினேன். மாஸ்டரிடம் மூச்சுவாங்கச் சொன்னேன்.

"வேடிக்கை பார்க்கிறது ஒரு பொழுதுபோக்கா?" அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஜான்சி, அங்க போய் உட்கார்ந்து தெருச்சண்டை பார்ப்பேன்னு சொன்னா நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்க? கௌரவமா ஏதாவது சொல்லும்மா."

"சரி சார், நாடா எப்டி சொல்லுதுன்னு பாப்போம்," என்று டெல்லிபாபு தன் நாடாவைக் கழற்றி என் கழுத்தில் ஒட்டினான். "எனக்குச் சண்டைய வேடிக்கை பாக்கப் புடிக்கும்" என்று முணுமுணுத்தேன். என் குரலில் நீளமாக ஒரு கொரிய வாக்கியம் வந்தது. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சார் சொல்லிச்சு?"

"மனிதர்களின் சமூக நடத்தைகளை ஆராய்வதில் எனக்கு ஈடுபாடு உண்டு, அப்படின்னுது."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். இத்தனை காலம் தேடி இப்போதுதான் கண்டுபிடித்த என் ஒரே ஆசை. அதையும் இந்த நாடா குளிப்பாட்டிப் பவுடர் போட்டு யாருடைய பிள்ளை என்றே தெரியாமல் ஆக்கிவிட்டதே! நாடாவைப் பிய்த்து டெல்லிபாபு கையில் திணித்தேன்.

"சார், கௌரவம் கெடக்குது. வேடிக்கை பாக்கறதுக்குக் கொரியன்ல வார்த்தை கீதா, இல்லியா?"

மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "இருக்கு," என்றார். "குக்யோங். சண்டையை நின்னு பார்க்கிறது, சந்தையைச் சுத்திப் பார்க்கிறது, எல்லாத்துக்கும் அதுதான். கப்பல் பட்டறையில நாங்களும் நிறைய பண்ணியிருக்கோம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நான் படித்தேன் பாருங்கள், அது படிப்பு. மற்றவர்கள் துங்சான் சொல்லிக்கொண்டிருக்க, நான் சண்டைக்கு வேண்டிய சொற்களாகக் கேட்டு வாங்கினேன். கூடை, இடிப்பது, திட்டுவது, இடுப்பில் கைவைப்பது, முறைப்பது. வீட்டுக்கு வரும் வழியில் பார்த்த சண்டையை மறுநாள் வகுப்பில் கொரிய மொழியில் சொல்வேன். தப்பும் தவறுமாகத்தான் சொல்வேன். ஆனால் துங்சான் சொல்வதை நிறுத்திவிட்டு வகுப்பே கேட்கும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மாஸ்டரே கொரிய மொழியில் கேட்பார். என்ன ஆச்சு என்று சொல்லியாக வேண்டுமே என்பதற்காகவே இன்னும் நாலு வார்த்தை கற்றுக்கொள்வேன்.

தேர்வு கிண்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தேர்வு நடத்துபவர் கமாண்டர் ஜின், அடுத்த டீமுக்கு அவர்தான் தலைவி என்று சொன்னார்கள். டெல்லிபாபு எனக்கு முன்னால் போனான். போன வேகத்தில் வெளியே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாடா ஆச்சு?"

"துங்சான்னு சொன்னேன்கா. எந்த மலைன்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"பரங்கிமலைன்னேன். எனக்கு முன்னாடி போன அத்தினி பேரும் பரங்கிமலைதான் சொன்னாங்களாம். அவ்ளோ பெரிய மலையா, ஏற எத்தினி நாளாவும்னு கேக்குதுக்கா. படிக்கட்டு கீது, மேல சர்ச்சு கீதுன்னேன். அப்பால எனக்கு ஒண்ணுமே வரல."

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கமாண்டர் ஜினுக்கு ஐம்பது வயது இருக்கும். கிராப் வெட்டிய தலை, நிமிர்ந்த முதுகு. என் நாடாவைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு அதே கேள்வி வந்தது. "ச்விமிகா ம்வோயேயோ?" உங்கள் பொழுதுபோக்கு என்ன?

நான் பேசிய கொரியத்தைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும், சிரித்துக்கொள்ளுங்கள். "எனக்கு வேடிக்கை பார்க்க பிடிக்குது. சண்டை நல்லது. பள்ளம் தோண்டுற வண்டி நல்லது. ஆனா சண்டை ரொம்ப நல்லது."

"மிகவும் சுவாரஸ்யமான பொழுதுபோக்கு," என்றார் கமாண்டர். குரல் தேன் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. "அதைப் பற்றி மேலும் பகிர்ந்துகொள்ள முடியுமா?"

பகிர்ந்தேன். உட்கார்ந்து சொல்ல முடியாது என்பதால் எழுந்து நின்றேன். மீன்காரம்மாவாக இடுப்பில் கைவைத்தேன், ஆட்டோக்காரனாகத் தலையைச் சொறிந்தேன், சங்கரா மீனாக மேஜைமேல் கையை விரித்துப் போட்டேன். வார்த்தை வராத இடத்தில் கை வந்தது. ஆட்டோக்காரனே மீன் வாங்கிய இடத்துக்கு வந்ததும் நானே சிரித்துவிட்டேன்.

கமாண்டரின் முகம் அசையவில்லை. "உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி. வேறு என்ன பிடிக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இங்கே நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கி வைக்கிறேன், இந்த அம்மா வங்கிக் கவுண்டர் மாதிரி பதில் சொல்கிறாரே! சந்திரனில் ஒரு வருஷம் இவரோடுதானே உட்கார வேண்டும்? தேர்வு நடத்துபவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன்.

"கமாண்டர், உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"எனக்கு மலையேறுவது பிடிக்கும்." மூச்சுகூட விடாமல் பதில் வந்தது.

"எந்த மலை?"

கமாண்டர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, "இயற்கையின் அழகு நிறைந்த பல மலைகள்" என்று குரல் வந்தது. உதடு அசையவில்லை. அப்போதுதான் கவனித்தேன், சட்டைக் காலருக்குக் கீழே, தோல் நிறத்தில் ஒரு நாடா. கொரியாக்காரி, கொரிய மொழி பேச, நாடா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"நான் நாடாவைக் கேக்கல," என்றேன். "உங்களைக் கேட்டேன்."

போச்சு, சந்திரன் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. கமாண்டர் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய் நாடாவை உரித்துத் தட்டில், என் நாடாவுக்குப் பக்கத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த குரலே வேறு. கரகரவென்று, தடுக்கித் தடுக்கி வந்தது. அவரும் கடலோரத்துக்காரிதான், தெற்கே ஒரு மீன்பிடி ஊர். அதனால் அவர் பேச்சை எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன், அதுதான் பொருத்தம். பாதி புரியாமல் மறுபடி மறுபடி கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

"எங்க ஊர்ல எல்லாரும் போட்டுகினு கீறாங்கோ. போடலைன்னா மொரடுன்னு சொல்றாங்கோ. போன டீம்ல போனாங்களே, அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தி. செத்தானே, அவனோட ரத்தம் இன்னா வகைன்னு எனக்குத் தெரியும். அவனுக்கு இன்னா புடிக்கும்னு தெரியாது. கடசி நாள்ல எங்கிட்ட வந்து கையால என்னமோ காமிச்சான். என்னமோ சொல்ல வந்தான். எனக்கு வெளங்கல. திரும்பி வந்து இந்தத் தேர்வ வைக்கணும்னு சண்ட போட்டு வாங்கனது நான்தான். வாங்கிட்டு மறுபடியும் நானே நாடாவ மாட்டிகினேன். மலைன்னு அதுதான் சொல்லுது. நான் மலை ஏறி வருஷக்கணக்காவுது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறுதல் சொல்லக் கொரிய மொழியில் வார்த்தை தெரியவில்லை. தெரிந்த கேள்வியையே மறுபடி கேட்டேன். "நெசமா உங்களுக்கு இன்னா புடிக்கும்?"

'எனக்கே தெரியலியே' என்று என் புருஷன் சொன்னபோது நான் முழித்த அதே முழியை முழித்தார். பிறகு அந்த முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு திருட்டுக்களை வந்தது.

"சீட்டு," என்றார். "ஹ்வாத்துன்னு ஒண்ணு கீது, பூப் போட்ட சீட்டு. அதுல ஏமாத்தறது எனக்கு ரொம்பப் புடிக்கும்."

"ஏமாத்தறதா?"

"சின்ன வயசுலேர்ந்து. எங்க ஊர்ல ஒருத்தரும் என்னைக் கண்டுபுட்ச்சதில்ல."

"நீங்க ஆடுங்க," என்றேன். "நான் பக்கத்துல குந்திகினு வேடிக்கை பாக்கறேன். ஏமாத்துனா சொல்லிடுவேன்."

"உன்னால முடியாது."

"பாக்கலாமா?"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் பயந்துபோனார்களாம். எந்தச் சீட்டை எந்தக் கையில் மறைப்பது, எதிராளி கண்ணை எப்படித் திருப்புவது என்று அவர் விளக்க, காசிமேட்டு மீன் ஏலத்தில் நடக்கிற கைவித்தையை நான் விளக்க, அரைமணி நேரத் தேர்வு மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் இருவர் நாடாவும் தட்டிலேயே கிடந்தன.

தேர்ந்தெடுத்த செய்தி வந்ததும் ஏசுபாதம் தெருவையே கூட்டிவிட்டார். "த்தோடா! வேடிக்கை பாத்ததுக்கு சந்திரனாம்! படிக்கச் சொல்லி அடிக்காதீங்கடா புள்ளைங்கள, பாலத்துல வுட்டுட்டு வாங்க!" மாஸ்டர் பெரிய கேக் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். கரும்பலகையில் எழுதியிருந்த துங்சானை அழித்துவிட்டதாகவும், இனி ஒவ்வொருவரையும் அவரவருக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருப்பதாகவும் கூறினார். வழியனுப்ப வந்த டெல்லிபாபுவின் கழுத்து வெறுமையாக இருந்தது.

"நேத்து வூட்ல செம சண்டைக்கா," என்றான், வாயெல்லாம் பல்லாக. "என் பொண்டாட்டி இவ்ளோ நல்லாப் பேசுவான்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. அடுத்த தபா நான் பாஸாவறேன் பாரு, எனக்கு இன்னா புடிக்கும்னு அவளே சொல்லிட்டா."

சந்திரனுக்குப் போனேன். கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்தேன். கீழே சாம்பல் நிற மண், மேலே பகலிலும் கறுப்பு வானம், தூரத்தில் நீலமாக நம் பூமி. முதல் பெட்டியைத் தூக்கினேன். வீடு அளவு பெட்டி, ஆடாமல் அசையாமல் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டேன். ரேடியோவில் மற்ற மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு நாள் கிடையாது.

மற்ற மூன்று பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். கமாண்டர் ஜின், இப்போது எனக்கு ஒன்னி, அதாவது அக்கா. மின்சாரம் பார்க்கிற துவான், வியட்நாம்காரன். அவனுக்குப் பாம்புக்கதை சொல்லப் பிடிக்கும். காற்றும் தண்ணீரும் பார்க்கிற ஆய்பெக், கஸாக் நாட்டுக்காரன். அவனுக்குக் குதிரை பிடிக்கும், சீட்டில் தோற்றால் பிடிக்காது. நான்கு பேருக்கும் சேர்ந்து இருந்தது ஓட்டைக் கொரியன்தான். ஒன்னியின் கொரியன்கூட எங்களோடு பேசிப் பேசி ஓட்டையாகிவிட்டது. சாப்பிடும்போது நாடாவைக் கழற்றிக் கொக்கியில் மாட்ட வேண்டும் என்று அவர் சட்டம் போட்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் இருந்தது. அந்த இரண்டாவது சட்டத்தை யாரும் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை.

ஒருநாள் சூரியப் புயல் எச்சரிக்கை வந்தது. வெளியே போகக் கூடாது. கெட்டிச் சுவர் வைத்த உள்ளறையில் நாலு பேரும் அடைந்து கிடந்தோம். ரேடியோ கரகரத்து, பிறகு செத்துப்போனது. சாப்பிட்டோம், துவானின் பாம்புக்கதை கேட்டோம், தூங்கினோம், மறுபடி சாப்பிட்டோம். பிறகு ஒன்னியும் ஆய்பெக்கும் சீட்டாட உட்கார்ந்தார்கள். நான் ஒன்னியின் தோளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன்.

பார்த்துவிட்டேன். முழங்கைக்குக் கீழே போன சீட்டு, மேலே வரும்போது வேறு சீட்டு.

"கண்டுபுட்ச்சேன்! ஒன்னி, கைய எடு! கைய எடு!"

ஆய்பெக் துள்ளி எழுந்ததில் தலை கூரையில் இடித்தது. அவன் கத்த, ஒன்னி எதையும் ஒப்புக்கொள்ளாமல் அதைவிட மேலே கத்த, துவான் யார் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தான். அந்தக் கூச்சலுக்கு நடுவே ரேடியோவுக்கு உயிர் வந்தது. பூமியில் கட்டுப்பாட்டு அறை. பேசியவன் சின்னப் பையன் போலிருக்கிறது, குரல் நடுங்கியது.

"தல்மாரு! தல்மாரு! கேக்குதா? புயல் ஆரம்பிச்ச நிமிஷத்துலேர்ந்து நாடா லைன் இல்ல! ரெண்டு நாளா உங்க யார்கிட்டயும் நாடா வேலை செய்யல! யாராவது பேசுங்க! வேலை வார்த்தையாவது சொல்லுங்க!"

திரும்பிப் பார்த்தேன். நாலு நாடாவும் கொக்கியில் தொங்கின. நாலிலும் சிவப்பு விளக்கு. நாடா செத்துப்போனதே எங்களில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"தல்மாரு, அது என்ன சத்தம்? எல்லாரும்... எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

அந்தக் கேள்வி ஒன்னியின் காதிலும் விழுந்தது. ஒரு நொடி அவர் முகம் அழுவதுபோல் ஆனது. அந்த ஒரு நொடியில் ஆய்பெக் அவர் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிவிட்டான், கூச்சல் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

ஓடிப்போய் மைக்கை எடுத்தேன். "நாலு பேரும் நல்லாக் கீறோம், தம்பி," என்று கொரிய மொழியில் கத்தினேன். "இங்க சண்ட நடந்துகினு கீது. முடியட்டும், அப்பால கூப்புடறேன்."